கோட்டை வாசலில் தொரட்டி

தங்கச்செல்விக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வேனில், மடியில் தாய்மாமன் சீர்த்தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டிலிருந்த ஆப்பிள் பழங்கள் ஒவ்வொரு குழிக்கும் உருண்டன. ஒரு கையால் பழங்களைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செல்போனை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், அடுத்த குழி வருவதற்குள் மறுபடி எடுத்தாள்.

"அதுக்குள்ள அப்படி என்னதான் பிள்ள இருக்கு? லேப்ல இருந்து கூப்புடுறாகளா?" என்று முன் சீட்டிலிருந்த அம்மா மாயக்காள் திரும்பிக் கேட்டாள்.

"இல்லம்மா. சும்மா மணி பாத்தேன்."

மணி பார்த்தது உண்மைதான். நாலு மணிக்குக் கோட்டைச் சண்டை. அதற்குள் தன் தொரட்டியைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்தாக வேண்டும்.

அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் ஆட்களின் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடி ஊசி ஏற்றுவாள். வேலை முடிந்துவிட்டால் 'வால்கார்த்' என்ற விளையாட்டுக்குள் போய்விடுவாள். கால் முறிந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த காலத்தில், பொழுது போகாமல் போனில் இறக்கியது அது. கட்டுப் பிரித்த பிறகும் அவளை விடவில்லை. அகழி சூழ்ந்த கோட்டைகள், மந்திரவாதிகள், இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் என்று அது வேறோர் உலகம். அதில் அவளுடைய ஆயுதத்துக்கு 'பில்' என்று பெயர். ஆள் உயரத்தைவிட நீளமான கம்பு. நுனியில் வளைந்த அரிவாள், அதன் முதுகில் ஒரு முள், உச்சியில் ஈட்டிபோல ஒரு கூர். ஐரோப்பாவில் பழைய காலத்துக் குடியானவர்கள் வேலி வெட்டும் அரிவாளை நீளக் கம்பில் செருகிக்கொண்டு போருக்குப் போனதில் பிறந்த ஆயுதம் என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தது. முதன்முதலில் அதைத் திரையில் பார்த்தபோது தங்கச்செல்வி, "இது நம்ம தொரட்டில்ல!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற அதே தொரட்டி.

படையிலிருந்த பையன்களும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் கேலியாக. படைக்குக் கரிசல் படை என்று பெயர். எல்லாரும் அருப்புக்கோட்டை, மல்லாங்கிணறு, காரியாபட்டிப் பக்கத்து ஆட்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. காதில் கேட்கிற குரல்தான் ஆள். வாள், இரட்டைக் கோடாலி, நெருப்பு வில் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் அவளை "ஏலே தொரட்டி" என்று கூப்பிட்டார்கள். அவள் பெண் என்பது ஒருவருக்கும் தெரியாது. முன்பு வேறொரு படையில் ஒரே ஒரு தடவை மைக்கில் பேசிவிட்டு, அதற்குப் பிறகு வந்து குவிந்த மெசேஜுகளை அழித்து அழித்தே அவளுக்கு அந்தப் படை வெறுத்துப் போயிருந்தது. அதனால் இங்கே வந்த அன்றைக்கே 'மைக் ரிப்பேர்' என்று எழுதிவிட்டாள். மற்றவர்கள் பேசுவதைக் காதால் கேட்பாள். பதிலை விரலால் எழுதுவாள். படைத்தலைவர் ரங்கராஜுக்கு டவுனில் செல்போன் சர்வீஸ் கடை. "கடைக்கு வாலே, மைக்க மாத்தித் தாரேன்" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் "வாரேண்ணே" என்று எழுதுவாள். போனதில்லை.

தொரட்டி லேசில் பிடிபடுகிற ஆயுதம் இல்லை. ஒரு வீச்சு வீசி அது திரும்பி வருவதற்குள் எதிரி இரண்டு வெட்டு வெட்டிவிடுவான். கம்பின் நீளத்துக்கு உள்ளே ஒருவன் புகுந்துவிட்டால் கதை முடிந்தது. செத்துச் செத்துத்தான் அவள் அதைப் படித்தாள். குத்துவதில் இல்லை, இழுப்பதில்தான் அதன் பலம். குதிரைக்காரனை எதிரே நின்று குத்தப் போனால் குதிரை மிதித்துவிடும். ஒதுங்கி நின்று, அவன் தன்னைத் தாண்டுகிறவரை பொறுத்து, தாண்டியதும் முதுகில் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும். அந்தக் கண்ணிமைக்கிற நேரம் காத்திருக்க மற்றவர்களுக்குப் பொறுமை இல்லை. அவள் காத்திருந்தாள். கிடைத்த இரும்பையெல்லாம் அந்த உலகத்துக் கொல்லனிடம் கொடுத்து, வலுவேற்றி வலுவேற்றி, அதற்குமேல் ஏற்ற முடியாத இடத்துக்குத் தொரட்டியைக் கொண்டுவந்திருந்தாள்.

இப்போது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் படை ஒன்று முழுக்க முழுக்கக் குதிரையேறி வந்து ஒவ்வொரு கோட்டையாக நொறுக்கிக்கொண்டிருந்தது. குதிரைக்கு எதிராக ஒரே ஆயுதம் தொரட்டிதான் என்றதும் எல்லார் கண்ணும் அதன்மேல் விழுந்தது. வெள்ளிக்கிழமை ரங்கராஜ் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"ஏலே தொரட்டி, ஒங்க ஊரு டவர நம்ப முடியல. போன சண்டையில நட்ட நடுவுல செல மாதிரி நின்ன. ஞாயித்துக்கிழம அதப் பொதுப் பெட்டியில போட்ரு. சக்தி எடுத்துக்கிருவான், அவனுக்குக் கை வேகம். நீ கேடயத்தப் பிடி."

"பாக்குறேண்ணே" என்று எழுதினாள். அதிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. ஒரு விளையாட்டுப் பொம்மைக்கு இவ்வளவா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அடங்கவில்லை.

திருச்சுழி மண்டபத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. அங்கே வாக்கப்பட்டிருந்த அக்கா சுகந்தியின் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காதுகுத்து. தாய்மாமன் உக்கிரபாண்டியின் மடியில் உட்கார்ந்து இரண்டும் கத்திய கத்தலில் ஸ்பீக்கர் பாட்டே கேட்கவில்லை. தங்கச்செல்வி கூடவே நின்று சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எண்ணமெல்லாம் கைப்பைக்குள் கிடந்த போனில் இருந்தது.

பந்தி தொடங்கியதும் கைகழுவுகிற இடத்துக்குப் போனாள். போனைத் திறந்து, தொரட்டியை எடுத்துப் பொதுப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டி மூடிக்கொண்டது. போட்டுவிட்டால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அவளுடைய வீரன் வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்கப் பிடிக்காமல் போனை அணைத்தாள்.

"சித்தி எங்க? சித்தியக் கூப்புடுங்க, போட்டோ எடுக்கணும்!"

போட்டோக்காரப் பையன் மேடையிலிருந்து சத்தம் போட்டான். அருப்புக்கோட்டையிலிருந்து வந்தவன், கழுத்தில் கேமரா, காதோரம் வழிகிற வேர்வை. தங்கச்செல்வி ஏறிப்போய்ச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பையன் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனான்.

"எல்லாரும் மூச்ச இழுத்துப் பிடிங்க... ஆங், அப்பிடியே!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டை வாசல் திறக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் காதுக்குள் கேட்கிற வார்த்தை இது. அதே குரல், அதே இழுப்பு. இது சக்தி.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க. பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க" என்றான் அவன்.

போட்டோ முடிந்ததும் அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனான். தங்கச்செல்வியின் கால்களும் அவன் பின்னாலேயே போயின. சமையல்கட்டுக் கதவருகே, தண்ணீர் பிடிக்கிறவள்போல நின்றுகொண்டாள்.

"எடுத்துட்டேண்ணே, பெட்டியிலதான் கெடந்துச்சு... இல்லண்ணே, கேளுங்க. எனக்கு இத வீசவே வரமாட்டேங்குது. நானும் ஒண்ணு வாங்கிப் பழகிப் பாத்துட்டேன், ஒவ்வொரு மொறையும் குதிரை ஏறி மிதிச்சுட்டுப் போகுது. அந்தப் பயகிட்டயே இருக்கட்டுமே... சரிண்ணே. சரி. சரி."

வைத்த கையோடு அவன் வீட்டுக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் பேசினான். சண்டை நடுவே அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது அவன் இப்படித்தான் பதில் சொல்வான். அதையும் அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இனிச் சந்தேகமே இல்லை. போய்க் கேட்டுவிடலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். என்னவென்று கேட்பது? அதற்குள் சுகந்தி உள்ளேயிருந்து, "ஏய் செல்வி, தாம்பூலப் பை எங்கடி வச்ச?" என்று கூப்பிட்டுவிட்டாள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மண்டபத்துக்குள் சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி பின்பக்கம் அலைந்தவளுக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில்தான் இரண்டு கோடு கிடைத்தது. அங்கிருந்த திண்டில் ஏற்கெனவே சக்தி உட்கார்ந்திருந்தான்.

"சிக்னலாக்கா? இங்க மட்டுந்தான் எடுக்குது. உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டான்.

அவள் திண்டின் மறு ஓரத்தில் உட்கார்ந்து காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் அகழிப்பாலம் தெரிந்தது. கரிசல் படை வாசலில் வரிசைகட்டி நின்றது. முன்வரிசையில் அவள் கேடயத்தோடு. அவளுக்கு வலப்பக்கம் சக்தி. அவன் கையில் அவளுடைய தொரட்டி.

"மூச்ச இழுத்துப் பிடிங்க" என்ற குரல் இயர்போனிலும் பக்கத்திலும் ஒருசேரக் கேட்டது.

பாலம் அதிர்ந்தது. குதிரைகள் புழுதியோடு வந்தன. முதல் குதிரைக்காரன் நேரே வர, சக்தி பதறிப்போய்த் தொரட்டியை எதிரே நீட்டிக் குத்தினான். குதிரை அவனைத் தள்ளிக்கொண்டு போனது. அவனுடைய உயிர்க்கோடு பாதியாகச் சரிந்தது. எழுந்தான். அடுத்தவனையும் குத்தினான். ரங்கராஜ் காதுக்குள் கத்தினார்: "ஏலே சக்தி, என்னலே பண்ற? மாட்டுலே, மாட்டி இழு!"

"மாட்ட மாட்டேங்குதுண்ணே!"

மூன்றாவது குதிரை திரும்பி வந்துகொண்டிருந்தது. சக்தி மறுபடியும் குத்தத்தான் போகிறான் என்பது அவன் கட்டைவிரல் போன இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"குத்தாதலே! ஒதுங்கு! அவன் தாண்டட்டும்... பொறு, பொறு... இப்ப இழு!"

சக்தி இழுத்தான். அதிர்ச்சியில் இழுத்தானோ என்னவோ, கொக்கி சரியாக முதுகில் மாட்டியது. குதிரைக்காரன் மல்லாந்து விழுந்தான். சக்தி வாயைப் பிளந்துகொண்டு திண்டின் மறு ஓரத்தைப் பார்த்தான்.

"அக்கா... நீங்க..."

"என்னயப் பாக்காத, போனப் பாரு! அடுத்தவன் வந்துட்டான்!"

"அய்யோ, என்னால முடியாதுக்கா. இந்தாங்க, நீங்களே பிடிங்க!"

அவன் தொரட்டியை அப்படியே தரையில் போட்டான். அவள் கேடயத்தைப் போட்டுவிட்டுத் தொரட்டியை எடுத்தாள். அவன் கேடயத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் கேடயத்தில் முதல் அடியை வாங்குவான், அவள் ஒதுங்குவாள், குதிரை தாண்டும், கொக்கி விழும். பாலத்தில் குதிரைகள் ஆளில்லாமல் ஓடத் தொடங்கின. உள்ளே மண்டபத்தில் யாரோ மைக்கில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர்கள் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவினார்கள். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. நேரம் முடிந்து மணி அடித்தபோது வாசல் கரிசல் படையிடம் இருந்தது.

காதுக்குள் கூச்சலும் விசிலுமாக இருந்தது. அதற்கு நடுவே ரங்கராஜின் குரல் வந்தது. "ஏலே, எல்லாரும் சும்மா இருங்கலே. சக்தி, ஒம் மைக்குல ஒரு பொம்பளப் பிள்ள சத்தம் கேட்டுச்சே. யாருலே அது?"

சக்தி அவளைப் பார்த்தான். என்ன சொல்லட்டும் என்று கண்ணாலேயே கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையாட்டுவதற்கு முன்னாலேயே அவன் வாய் முந்திக்கொண்டது.

"அது... நம்ம தொரட்டிண்ணே."

கூச்சல் சட்டென்று நின்றது. யாரோ ஒரு பையன் மெதுவாக, "வணக்கம்க்கா" என்றான்.

தங்கச்செல்வி இயர்போனைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள்.

"வாய் தவறிருச்சுக்கா, மன்னிச்சுக்கங்க" என்று சக்தியும் எழுந்தான். அவன் முகம் அழுகிறவன் முகம்போல ஆகிவிட்டது.

"விடு. என் வாய்தான் மொதல்ல தவறுச்சு" என்றாள் அவள். சிரிக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. இயர்போனைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள்.

அன்று சாயந்திரமே ரங்கராஜிடமிருந்து நீளமாக ஒரு மெசேஜ் வந்தது. 'தங்கச்சி, ஆளு தெரியாம வாலே போலேன்னு பேசிட்டேன். மனசுல வச்சிக்கிராதம்மா. தொரட்டிய நீயே வச்சுக்க, இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா முன்வரிசையில அடிபட்டுக்கிட்டு நிக்க வேணாம். உள்கோட்டையில மணிக்கூண்டுகிட்ட நில்லு. அது பாதுகாப்பான எடம்.'

நல்ல மனசோடு எழுதியதுதான். படிக்கப் படிக்க அவளுக்கு எரிச்சல் வந்தது. மணிக்கூண்டுக்குக் குதிரை எங்கே வரும்? ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு இடத்தைப் பிடுங்கிக்கொண்டார் மனுஷர்.

பையன்களும் மாறிப்போனார்கள். அவள் உள்ளே வந்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். சிரிப்பு அடங்கிவிடும். "அக்கா வந்துட்டாங்க" என்று யாராவது குசுகுசுப்பார்கள். அதுவரை அவள் செய்த தப்புக்கெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவர்கள், செவ்வாய்க்கிழமை பயிற்சியில் அவள் வேண்டுமென்றே வாசலைத் திறந்து போட்டபோதுகூட, "பரவாயில்லக்கா" என்றார்கள். பரிசோதனை நிலையத்தில் ரத்தக் குப்பிகளை அடுக்கும்போது அவளுக்குக் கை பரபரத்தது. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். "காலுல சக்கரமா கட்டியிருக்க?" என்று மாயக்காள் கேட்டாள்.

புதன்கிழமை அடுத்த சண்டை. வேலை முடிந்து அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியபோது உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே விளையாட்டைத் திறந்தாள். மணிக்கூண்டின் கீழே, ஆளரவமில்லாத முற்றத்தில் அவளுடைய வீரன் தொரட்டியை ஊன்றிக்கொண்டு காவல் காத்தான். தூரத்தில் வாசல் பக்கம் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். காதில் ரங்கராஜ் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். குதிரைகள் பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது.

அவள் திரையின் ஓரத்திலிருந்த மைக் படத்தின்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. மறுபடி வைத்து, அழுத்திவிட்டாள்.

"அண்ணே, நான் முன்னால வாரேன்."

பஸ்ஸுக்குள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தங்கச்சி, நீ எதுக்கும்மா..." என்று ரங்கராஜ் ஆரம்பித்தார்.

"அண்ணே, மணிக்கூண்டுல நின்னு நான் யார இழுக்குறது? காக்காயவா? முடியாதுன்னா சொல்லுங்க, தொரட்டியத் தூக்கிக்கிட்டு வேற படைக்குப் போறேன். சக்தி, கேடயத்தோட எனக்கு எடப்பக்கம் வா. வில்லுக்காரங்க ரெண்டு பேரு வாசல விட்டு மதிலு மேல ஏறுங்க. சீக்கிரம்!"

"வந்துட்டேன்க்கா" என்றான் சக்தி.

மதில்மேல் இரண்டு பேர் ஏறுவது தெரிந்தது. ரங்கராஜ் மற்றவர்களுக்கு இடம் சொல்லத் தொடங்கினார். அவள் முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள். அப்போதுதான் நினைவு வந்தது. பஸ் போகிற வழியில் இன்னும் கொஞ்ச தூரத்தில் ஓடைப்பாலம். அதைத் தாண்டினால் ஊர் வரும்வரை சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மறுபடியும் நடுவில் சிலையாக நிற்க அவள் தயாராக இல்லை.

"கண்டக்டரண்ணே, ஸ்டாப்புல நிறுத்துங்க, எறங்கணும்!"

"ஒங்க ஊரு இன்னும் வரலயேம்மா?"

"பரவால்ல, நிறுத்துங்க!"

பருத்திக் காட்டு ஓரத்துப் பஸ் ஸ்டாப்பில் அவளை இறக்கிவிட்டு பஸ் போயிற்று. வெயில் தாழ்ந்திருந்தது. நிழற்குடையின் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு விளையாடினாள். நிற்க முடியாமல் நடந்துகொண்டே விளையாடினாள். ரோட்டில் போன ஷேர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, போனில் யாரையோ இந்தப் பெண் இப்படி அதட்டுகிறதே என்று பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத் தோற்றுப்போனார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் இந்தத் தடவை கெட்டிக்காரத்தனமாகப் பாதிப் பேரைக் குதிரையிலிருந்து இறக்கி, நடையாக வலப்பக்கத்து மதில் வழியே அனுப்பியிருந்தார்கள். தங்கச்செல்வி பாலத்தில் குதிரைக்காரர்களை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவன் அவளுடைய கம்பின் நீளத்துக்குள் புகுந்து முடித்துவிட்டான். திரை கறுத்தது. வாசல் போயிற்று.

ரங்கராஜுக்கு வந்த கோபத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "வில்லுக்காரன் ரெண்டு பேரும் மதில்ல நின்னு வேடிக்க பாத்தீங்களாலே? ஏலே சக்தி, கேடயத்த எங்கிட்டுத் திருப்புன? ஏலே தொரட்டி, வலப்பக்கம் ஆளு ஏறுறது ஒன் கண்ணுக்குத் தெரியலயா, ஒனக்கென்ன..."

பாதியில் நிறுத்திவிட்டார். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டது இங்கே கேட்டது.

"சொல்லி முடிங்கண்ணே" என்றாள் தங்கச்செல்வி. "ஆனா வலப்பக்கத்துக்கு ஆள் போடாதது நீங்கதான். நான் பாலத்தப் பாப்பனா, மதிலப் பாப்பனா?"

"நான் ஆளு போட்டேன். அவன் ஓடிட்டான்."

"யாரு ஓடுனது? நான் ஓடலண்ணே, நான்தான் மொத ஆளா செத்தேன்" என்று ஒரு பையன் இடையில் புகுந்தான்.

"செத்தவன் எதுக்குலே பேசுற?" என்றான் இன்னொருவன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். யார் சொல்வது யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த பஸ் இப்போதைக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஓடைப்பாலம் வருகிறவரை சிக்னல் இருந்தது. அதுவரை அவளும் விடாமல் சண்டை போட்டுக்கொண்டே போனாள்.